என் மூச்சைப் பிடித்திருந்த கைகள்

வலது காலிலிருந்து செருப்பு கழன்று போனது எனக்குத் தெரியவில்லை. தந்தி ஆபீஸ் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்துகொண்டிருந்தேன். என்னோடு அங்கே தந்தி அடிக்கும் வரதராஜன்தான் பின்னாலிருந்து கூப்பிட்டு, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வருகிறீரே என்றார். திரும்பிப் பார்த்தால் அது பத்தடி தள்ளிக் கிடந்தது. மாசி முடிகிற சமயம், தரை நன்றாகச் சூடேறியிருந்தது. வெறுங்கால் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை.

அன்று மாலை இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வது போலிருந்தது. மறுநாள் ஆபீஸ் மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு அடுத்த நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்தவன் அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டேன். கீழே விழுந்தேன் என்று சொல்ல முடியாது. கால்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போல மெல்ல விலகிக்கொண்டன. என் மனைவி சலோமி ஒரு குதிரை வண்டியை அழைத்து வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைத் தூக்கி அதில் வைத்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் அப்போது நாங்கள் போன மிஷன் ஆஸ்பத்திரி பெரியதல்ல. ஆனால் டாக்டர் லில்லி அங்கே இருந்தார். முழங்காலில் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கால் துள்ளவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் வயிற்றுப்போக்கு வந்ததா என்று கேட்டார், வந்திருந்தது. முதுகெலும்பின் இடுக்கில் ஊசி போட்டு, நரம்புகளைச் சுற்றியிருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவு வந்ததும் என் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார்.

தந்திக் கம்பிக்கு மேலே உறை இருக்கிற மாதிரி நரம்புக்கும் ஒரு உறை உண்டு. அந்த வயிற்றுப்போக்குக் கிருமியை எதிர்த்துப் போராடிய உடம்பு, ஆள் மாறிப் போய்த் தன் நரம்புகளின் உறையையே அரிக்கிறது. அதனால் மூளை அனுப்பும் செய்தி கை கால்களுக்குப் போய்ச் சேரவில்லை. இது காலில் தொடங்கி மேலே ஏறும். இளம்பிள்ளை வாதம் அல்ல. "வந்த வழியே திரும்பிப் போயிடும், தானியேல். ஆனா அது எப்போன்னு என்னால சொல்ல முடியாது. அதுக்குள்ள நெஞ்சு வரைக்கும் ஏறிட்டா மூச்சை நாங்க பார்த்துக்கணும்" என்றார்.

ஏறியது. கைகள் போயின, முதுகு போயிற்று. ஒரு மதியம் சலோமி கொடுத்த கஞ்சி உள்ளே இறங்காமல் மூக்கு வழியே வந்தது. ஒன்று இரண்டு என்று ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார் டாக்டர். காலையில் இருபது வரை போனவன் மாலையில் ஆறில் நின்றேன். அப்போது பட்ட பயத்தை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தண்ணீரில் மூழ்குகிறவனுக்குக் காற்று எட்டாத உயரத்தில் இருக்கிறது. என் முகத்தின் மேலேயே காற்று இருந்தது, இழுத்துக்கொள்ளத்தான் எனக்குத் திராணியில்லை.

தொண்டைக்குழிக்குக் கீழே சிறிய துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் ஒரு ரப்பர் குழாயைச் செருகினார்கள். அதன் வெளிமுனையில் பரங்கிக்காய் அளவில் ஒரு ரப்பர் பை. பையை அமுக்கினால் என் நெஞ்சு உயரும், விட்டால் தாழும். அதுதான் என் மூச்சு. காற்று குரல்வளை வழியே போகாததால் பேச்சு இல்லை. மூக்கு வழியே விட்ட குழாயில் பால் போயிற்று. கண்களை மட்டும் திறந்து மூட முடிந்தது. காது நன்றாகக் கேட்டது. வலியும் குறைவில்லாமல் தெரிந்தது. மூச்சு விட வைக்கும் இயந்திரம் சென்னையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் அவ்வளவு தூரம் நான் தாங்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆகவே பையை யாராவது அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இரவும் பகலும், ஒரு நிமிடம் விடாமல். முதல் இரண்டு நாட்கள் நர்சுகளும் சலோமியும் அமுக்கினார்கள். அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை.

எங்கள் கிறிஸ்தவ சபையின் பெண்கள் சங்கத்துக்குப் புஷ்பம் டீச்சர் செயலாளர். பள்ளிக்கூடம் விட்டதும் பழம் வாங்கிக்கொண்டு நோயாளியைப் பார்க்க வந்தவர், வாசலிலேயே நின்று ஒரு நிமிடம் பார்த்தார். பழத்தை ஜன்னலில் வைத்துவிட்டுச் சலோமியின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். நிமிடத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு அழுத்தம் என்று நர்சிடம் கேட்டுக்கொண்டார். அன்று இருட்டுவதற்குள் எங்கள் தெருவிலும் புத்தூரிலும் உறையூரிலும் இருந்த சபைக்காரர்கள் முறை போட்டுக்கொண்டு வரத் தொடங்கிவிட்டார்கள். யாருக்கு எந்த நேரம் தோது, யாருக்குத் தூக்கம் வரும், யார் கை சீக்கிரம் ஓயும் என்பதெல்லாம் டீச்சரின் மனதில் இருந்தது. கோயிலில் அவர் ஜெபம் செய்து நான் கேட்டதில்லை. பேசச் சொன்னால் கூச்சப்படுவார். ஆனால் நாற்பது பேரை ஒரு மூச்சாக ஆக்க அவரால் முடிந்தது.

கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் யார் அமுக்குகிறார்கள் என்று சில நாட்களில் எனக்குத் தெரிந்துவிட்டது. தந்தி வேலையிலும் இது உண்டு. விழுப்புரத்தில் யார் சாவியைத் தட்டுகிறார் என்று தட்டும் தினுசிலேயே கண்டுபிடித்துவிடுவோம். பாடகர் குழுவில் கட்டைக் குரல் பாடும் ஒருவர் கீர்த்தனையைத் தாளத்தோடு முணுமுணுத்தபடி அமுக்குவார், அவர் கையில் எனக்குத் தூக்கம் வரும். வாதத்தால் கை கோணிப்போன ஒரு விதவைத் தாயார் அமுக்க முடியாமல் அழுதார். அவரை டீச்சர் சளி உறிஞ்சும் குழாய்களைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் வேலைக்கு வைத்தார். அந்தக் குழாய்கள் சுத்தமாக இருந்ததால்தான் நெஞ்சில் சீழ் கட்டவில்லை என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

பங்குனி பாதி ஆனதும் ஆட்கள் குறைந்தார்கள். பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு, ஆபீஸ்களில் வருடாந்திரக் கணக்கு. வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒரு பிற்பகலில் அமுக்கிக்கொண்டிருந்த ஒரு தம்பி உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டான். சலோமி பாய்ந்து பையைப் பிடித்தாள்.

மறுநாள் தங்கராஜ் வந்தார். பொன்மலை போகும் சாலையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் எங்கள் சபையில் இருந்தவர்தான். சில வருடங்களுக்கு முன்பு காவிரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு, ஏழெட்டுக் குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார். அதன் பிறகு இரண்டு பக்கமும் கல்யாணத்துக்குக்கூடப் போவதில்லை. இப்போது தன் சபையார் ஐந்து பேரோடு வராந்தாவில் நின்றார்.

எங்கள் சபை மூப்பர் செல்லையா அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்டிப்பானவர். இவர்கள் உரக்க ஜெபிப்பார்கள், ஆவி இறங்கியது என்று அந்நிய பாஷையில் பேசுவார்கள், நோயாளியின் அறையில் அது ஆகாது, தானியேலுக்கும் பிடிக்காது என்று சொல்லித் தடுத்தார். நான் ஜெபிக்க வரவில்லை, அமுக்கத்தான் வந்தேன் என்றார் தங்கராஜ். குரல்கள் உயர்ந்தன. ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. வாய் திறக்க முடியாமல் கிடந்தேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, வேலை முடிந்ததும் தினமும் என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் வரதராஜன் அப்போது என் தலைமாட்டில் நின்றார். நெற்றியில் திருமண்ணும் கக்கத்தில் குடையுமாக இருந்தவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஓய் தானியேல், உம்ம விஷயத்தை உம்மையே கேட்டுடறேன். கண்ணாலே சாவியைத் தட்டும். சட்டுனு மூடித் திறந்தா புள்ளி. கொஞ்சம் மூடி வெச்சுண்டா கோடு. நான் வாசிச்சுக்கறேன்."

தந்தி பாஷை! இத்தனை நாளாக எனக்கே தோன்றவில்லை. மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினேன். கண்ணிமைகள் அதற்குள் ஓய்ந்துவிட்டன. வரதராஜன் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

"‘ஆல்’ங்கறார். எல்லாரும் வரட்டுமாம்."

செல்லையா எழுந்து நின்றார். பிறகு நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். வந்தவர்களிடம், கையை அங்கே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள் என்றார். அன்று முதல் வாசல் காவலே அவருடைய ஊழியமாயிற்று. கை கழுவாமல் போதகரைக்கூட உள்ளே விட்டதில்லை அவர். அந்தக் கண்டிப்பை எங்கே வைத்தால் நல்லது என்று புஷ்பம் டீச்சருக்குத் தெரிந்திருந்தது.

தங்கராஜின் ஆட்கள் சோர்வு அறியாதவர்கள். முழு இரவு ஜெபக் கூட்டங்களில் விழித்துப் பழகியவர்கள் என்பதால் விடியற்கால முறைகளையெல்லாம் அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தங்கராஜ் அமுக்கும்போது உதடு மட்டும் அசையும். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை அருகிலிருந்து பார்த்துக்கொண்டே கிடந்தேன். என்னைப் பிணமாக அவர் ஒரு கணமும் நினைக்கவில்லை என்பது அதில் தெரிந்தது.

அவர் இன்னொரு காரியமும் செய்தார். அவர் கடையில் சைக்கிள் பழுது பார்க்கக் கொடுப்பவர்களில் ஒருவர் அந்தோணி, சலோமியின் அண்ணன். ரயில்வே பட்டறையில் கொல்லுலை வேலை. பாலக்கரையில் கத்தோலிக்கர்களின் ஆர்.சி. கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. சலோமி கோயில் மாறி என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எங்கள் வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. தெருவில் எதிரே வந்தால் சைக்கிளை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். அவரிடம் தங்கராஜ் சங்கதியைச் சொல்லிவிட்டார்.

அந்தோணி பட்டறை உடுப்போடு வந்து என் கால்மாட்டில் நின்றார். என் தொண்டையில் இருந்த குழாயைப் பார்த்தார். தங்கையின் விரல்களைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே, சலோமி."

"வருவீங்கன்னு தெரியல அண்ணே."

அவர் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கொல்லுலைக் கை எப்படி அமுக்குமோ என்று பயந்தேன். ஒரு கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்தார். மறுநாள் பாலக்கரையிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள்.

பெரிய வாரம் நெருங்கியபோது சலோமிக்குக் கலக்கம். பெரிய வெள்ளிக்கிழமையன்று கிறிஸ்தவன் ஒருவனும் வீட்டில் இருக்க மாட்டானே, யார் வருவார்கள் என்று கேட்டாள். புஷ்பம் டீச்சர் சிரித்தார். எங்கள் சபையில் மும்மணி ஆராதனை பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. ஆர்.சி. கோயிலில் பாடுகளின் வழிபாடு மூன்றுக்குமேல்தான். தங்கராஜின் சபையில் பெரிய வெள்ளியும் கிடையாது, ஈஸ்டரும் கிடையாது, அவர்களுக்கு எல்லா நாளும் ஒன்று. "நாம பிரிஞ்சு கிடந்தது இதுக்கு மட்டுமாவது உதவுது" என்றார் டீச்சர். அவ்வளவு வருடம் எங்களைப் பிரித்து வைத்திருந்த வித்தியாசங்களை அவர் அப்படியே எடுத்து, இடைவெளி விழாமல் அடுக்கினார். ஈஸ்டர் விடியற்காலையில் மட்டும் ஒரு மணி நேரம் துண்டு விழுந்தது. அதை வரதராஜன் எடுத்துக்கொண்டார். அதற்குள் பங்குனி உத்திரம் முடிந்துவிடும், சேர்த்தி சேவித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். பெருமாளும் தாயாரும் வருடத்தில் ஒரே நாள் சேர்ந்து உட்காரும் சேவை அது, விட முடியாது என்று டீச்சருக்கு விளக்கினார்.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சற்று முன்னால் தங்கராஜ் அமுக்கிக்கொண்டிருந்தார். டீச்சரும் செல்லையாவும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். சலோமி என் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தன் கோயிலுக்குப் போகும் வழியில் அந்தோணி வெள்ளை வேட்டி சட்டையோடு உள்ளே வந்தார். அந்த நேரத்தில் பை கிழிந்தது.

வெயிலிலும் ஓயாத வேலையிலும் ரப்பர் இற்றுப்போயிருந்தது போலும். தங்கராஜ் அமுக்கினார், என் நெஞ்சு உயரவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். காற்று அவர் விரலிடுக்கில் சீறியது. சலோமி நர்சைத் தேடி ஓடினாள். மாற்றுப் பை அறுவை சிகிச்சைக் கூடத்துப் பெட்டியில் இருந்தது, அது கட்டிடத்தின் அடுத்த கோடி. எனக்கு மேல் இருந்த விட்டம் கறுத்துக்கொண்டே வந்தது. இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆச்சரியமாக, பயம் இல்லை. சலோமி திரும்பி வரும்போது இதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற வருத்தம்தான் இருந்தது.

அந்தோணி பையைக் கழற்றி எறிந்தார். என் தொண்டைக் குழாயில் வாயை வைத்து ஊதினார். தங்கராஜ் இரண்டு கைகளாலும் என் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். சத்தமாக ஜெபிக்கும் அந்த மனிதர் அப்போது வாய் திறக்கவில்லை. அந்தோணி நிமிர்வார், இழுப்பார், குனிந்து ஊதுவார். அவருடைய மூச்சு எனக்குள் இறங்கியது சூடாக. பெரிய வெள்ளி ஒருசந்தியில் இருந்த வெறும் வயிற்று மூச்சு. குழாயிலிருந்து தெறித்த சளி அவர் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் பட்டது. அவர் துடைக்கவில்லை. கறுத்திருந்த விட்டம் மெல்ல வெளுத்தது.

நர்சு புதுப் பையைக் கொண்டுவந்து மாட்டியதும் அந்தோணி தரையில் உட்கார்ந்துவிட்டார். தங்கராஜ் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். ஒருசந்தி என்று தலையசைத்து மறுத்து, வாயை மட்டும் கொப்பளித்தார். சலோமி பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பாலக்கரைக் கோயிலில் வழிபாடு தொடங்கியிருக்கும், நீங்கள் போகவில்லையா என்று தங்கராஜ் கேட்டார்.

"இங்கயே இருக்கேன்" என்றார் அந்தோணி.

ஈஸ்டர் கழிந்த வாரத்தில் ஒரு காலை. புஷ்பம் டீச்சர் பையை அமுக்கிக்கொண்டே, டாக்டரை அழைத்து வரச் சொன்னார். பை தன்னால் கொஞ்சம் சுருங்கியது என்றார். டாக்டர் வந்து என் நெஞ்சில் கை வைத்து, தானியேல், இப்போது நீங்கள் இழுங்கள் என்றார். இழுத்தேன். ஒரு தேக்கரண்டி காற்று வந்திருக்கும். அது என்னுடையது. டீச்சரின் கண்ணாடிக்குள் தண்ணீர் வழிந்தது.

ஏறியது ஏறிய வேகத்தில் இறங்கவில்லை. முதலில் சில நிமிடங்கள், பிறகு ஒரு மணி நேரம், பிறகு பகல் முழுக்க என்று பையில்லாமல் இருக்கப் பழகினேன். குழாயை எடுத்து ஓட்டையைப் பஞ்சால் மூடியதும் முதலில் வந்த குரல் என் குரல் போலவே இல்லை. சலோமியின் பெயரைச் சொன்னேன். அவள், தொண்டையை அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று திட்டிவிட்டு வெளியே போய் அழுதாள். கைத்தாங்கலாக நடந்து வெளியேறியபோது மழைக்காலம் வந்துவிட்டது. என்னை வண்டியிலிருந்து தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோனவர் அந்தோணி. சலோமி அண்ணனுக்கு இலை போட்டாள். வீட்டுக்குள் யாரும் பழைய கதை பேசவில்லை.

இதனால் மூன்று சபைகளும் ஒன்றாகிவிட்டன என்று சொன்னால் அது பொய். ஞாயிற்றுக்கிழமை அவரவர் மணி அவரவருக்கு. ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்று செல்லையாவும் தங்கராஜும் சைக்கிள் கடையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் வாதாடுவார்கள். ஆனால் உட்கார்ந்து வாதாடுவார்கள், தேநீரும் வந்துகொண்டிருக்கும்.

என் விரல்களுக்குப் பழைய பலம் வரவேயில்லை. தந்திச் சாவி போயிற்று. அஞ்சல் பக்கம் ஒரு மேஜை கொடுத்தார்கள். எனக்கு இத்தனை பேர் செய்ததை நான் யாருக்கும் செய்ய முடியாதே என்ற குறை உள்ளே இருந்துகொண்டிருந்தது.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் டாக்டர் லில்லியிடமிருந்து புஷ்பம் டீச்சருக்கு ஆள் வந்தது. உப்பிலியபுரத்துப் பக்கம் ஒரு விவசாயி, பெயர் பெரியசாமி. களத்தில் தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் தீண்டிவிட்டது. அதன் விஷம் நரம்பு வேலை செய்வதைத் தடுத்துவிடும், மூச்சு நின்றுவிடும். சில நாட்கள் பையை அமுக்கி ஓட்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார். மாலைக்குள் மூன்று சபைகளிலிருந்தும் ஆட்கள் போய்விட்டார்கள். அவர் சபையைச் சேர்ந்தவரா என்று யாரும் கேட்கவில்லை, செல்லையாகூட. நானும் தடியை ஊன்றிக்கொண்டு போனேன்.

அந்தோணி அமுக்கிக்கொண்டிருந்தார். பெரியசாமியின் கண்ணிமைகள் மூடியிருந்தன, விஷம் அவற்றைத் திறக்க விடாது. ஒரு விரலும் அசையவில்லை. சமயபுரத்துக் குங்குமத்தைக் கணவர் நெற்றியில் இட்டுவிட்டு அவர் மனைவி சுவரோரமாக உட்கார்ந்து, எழவு வீட்டில் போல அழுதுகொண்டிருந்தார்.

நான் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"பெரியசாமி, நானும் இதே மாதிரி கிடந்தவன்தாங்க. உங்களுக்கு எல்லாம் கேக்குதுன்னு எனக்குத் தெரியும். பையை அமுக்குறவர் என் மச்சான். அவர் கையில இருக்கற வரைக்கும் பயப்படாதீங்க. நாலஞ்சு நாள்ல கண்ணு திறக்கும்."

அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் தொண்டையில் இருந்த தழும்பைப் பார்த்தார்.

"நெசமாவே கேக்குதுங்களா?"

"கேக்கும்மா. நீங்க அழறதைத்தான் இப்போ கேட்டுக்கிட்டு இருக்கார். வேற ஏதாவது சொல்லுங்க."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். நான் ஸ்டூலை விட்டுக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு குனிந்து, எருமை நேற்று ராத்திரி கன்று போட்டுவிட்டது, கிடாரிக் கன்று, எழுந்து நின்று பால் குடிக்கிறது என்று சொல்லத் தொடங்கினார்.